எரிந்த வீட்டின் கோப்பு யார் கையில் இருக்க வேண்டும்? காட்டுத்தீ நாடுகளின் மறுகட்டுமானமும் டெல்டாவின் கூரை வீடுகளும்

வெண்ணாற்றுப் பாசனத்தான் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். சென்ற சித்திரையில் எங்கள் ஊருக்கு அருகே ஒரு தெருவில் வரிசையாக இருந்த கூரை வீடுகள் ஒரு பிற்பகலில் எரிந்து போயின. மாலைக்குள் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அரிசி, வேட்டி, சேலை, ரொக்கம் எல்லாம் முறையாகவே கொடுக்கப்பட்டன. அந்த முதல் நாள் வேலையில் நான் குறை காணவில்லை. ஆனால் ஆடி பிறந்த பிறகும் அந்தக் குடும்பங்கள் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருக்கின்றன. நிவாரணம் கொடுத்த இடத்தில் கேட்டால் தங்கள் கோப்பு முடிந்துவிட்டது என்கிறார்கள். வீட்டுக்கான பணி ஆணை தரும் இடத்தில் கேட்டால் பட்டியலில் பெயர் இல்லை என்கிறார்கள். இரண்டு பதிலும் அவரவர் விதிப்படி சரியானவையே என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

காட்டுத்தீயில் ஊர்களையே இழந்த நாடுகளில் வீட்டு மறுகட்டுமானத்தை அரசுகள் எவ்வாறு ஒருங்கிணைக்கின்றன என்று அண்மைக் காலமாகப் படித்து வருகிறேன். கோடியக்கரையையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் விட்டால் நம் பக்கம் காடு என்று சொல்ல அதிகம் இல்லை என்பதால், இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். வெள்ளம் வந்தால் சுவராவது, பரணில் வைத்த பத்திரமாவது மிஞ்ச வாய்ப்புண்டு. தீ வந்தால் கூரை, பாத்திரம், பட்டா நகல், குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் அனைத்தும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. இந்த வகையில் கலிஃபோர்னியாவில் வீடிழந்தவரும் கீழத்தெருவில் குடிசை இழந்தவரும் மறுநாள் காலையில் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள்.

2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்ற சிற்றூரை அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதற்கு எட்டு நாள் கழித்து, நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. ஒரே மாதத்தில் இரண்டு அரசுகளுக்கு முன்னால் பல்லாயிரம் வீடற்ற குடும்பங்கள் நின்றன. அங்கே என்ன செய்தார்கள், அதில் நாம் எதை எடுத்துக்கொள்ளலாம், எது நமக்குப் பொருந்தாது என்பதை விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

சாக்ரமெண்டோ மன்னை:

ஐயா, நான் மன்னார்குடியில் பிறந்தவன். இப்போது வட கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறேன். இங்கே உள்ள ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் வீட்டை மீண்டும் கட்டுவதற்கான முதல் பணம் காப்பீட்டிலிருந்து வர வேண்டும் என்பதே அடிப்படை எண்ணம். ஃபெமா எனப்படும் கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமை தரும் வீட்டு உதவிக்கு உச்சவரம்பு உண்டு. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயின்போது அது 43,600 டாலர். அந்த ஊரில் ஒரு வீடு கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய பகுதி. காப்பீடு போதாதவர்களுக்குச் சிறுதொழில் நிர்வாகம் என்ற வேறொரு கூட்டாட்சி அமைப்பு 5,00,000 டாலர் வரை குறைந்த வட்டியில் கடன் தருகிறது. இவை எதுவும் எட்டாத ஏழைகளுக்கான நீண்டகால நிதி மூன்றாவதாக ஒரு துறையிலிருந்து, அதாவது வீட்டுவசதி மற்றும் நகர மேம்பாட்டுத் துறையிலிருந்து வர வேண்டும். அதற்கு நிரந்தர நிதி கிடையாது. ஒவ்வொரு பேரிடர்த் தொகுப்புக்கும் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்க வேண்டும். ஹவாய்த் தீவுகளில் லஹைனா நகரம் 2023 ஆகஸ்ட் 8 அன்று எரிந்து, 102 பேர் இறந்து, ஏறக்குறைய 2,200 கட்டடங்கள் அழிந்தன. அந்த மாவட்டத்துக்கான சுமார் 160 கோடி டாலர் நீண்டகால நிதி 2025 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. வாடகைக்கு இருந்தவர்களும் காப்பீடு இல்லாதவர்களும் அந்தப் பதினேழு மாதங்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பணக்கார நாடு என்பதால் எல்லாம் விரைவில் நடந்துவிடுகிறது என்ற நம்பிக்கையோடு யாரும் இந்த இழையைப் படிக்க வேண்டாம்.

நன்றாக நடக்கும் ஒரு பகுதியும் உண்டு. அது இடிபாடு அகற்றுதல். முதலில் சுற்றுச்சூழல் முகமையினர் வந்து பூச்சிமருந்து, வண்ணப்பூச்சு, எரிவாயு உருளை, மின்கலம் போன்ற நச்சுப் பொருள்களை எடுத்துச் செல்கிறார்கள். அதற்குப் பிறகு சாம்பலையும் வெடித்த அடித்தளத்தையும் அகற்றுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் இதை இராணுவப் பொறியாளர் பிரிவு செய்தது, பாரடைஸில் மாநில அரசு செய்தது. வீட்டுக்காரர் ஒரே ஒரு அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும். அவர் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய காப்பீட்டில் இடிபாட்டுக்கென்று தொகை இருந்தால் அது அரசுக்குப் போகும். பல அரசுகளும் பல முகமைகளும் பின்னணியில் கணக்கு முடித்துக்கொள்கின்றன. குடும்பத்தின் முன்னால் இருப்பது ஒரு தாள் மட்டும்.

ஒருங்கிணைப்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாரடைஸே சாட்சி. தங்க இடமில்லாதவர்கள் எரிந்த மனையிலேயே வண்டிவீட்டை நிறுத்தி வாழலாம் என்று நகர மன்றம் அனுமதித்தது. மக்கள் அதை நம்பித் திரும்பி வந்தார்கள். சாம்பல் அகற்றாத மனை குடியிருக்கத் தக்கதென்றால் அதைச் சுத்தம் செய்யக் கூட்டாட்சிப் பணம் எதற்கு என்று ஃபெமா கேட்டது. நிதி நின்றுவிடும் என்ற நிலை வந்தது. 2019 தொடக்கத்தில் நகர மன்றம் தன் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வந்தவர்கள் மறுபடியும் வெளியேற வேண்டியதாயிற்று. இரண்டு அரசுகளும் முன்கூட்டி ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டாவது இடப்பெயர்ச்சி நேர்ந்திருக்காது.

குடந்தை மூத்தவர்:

தம்பி தெளிவாக எழுதியிருக்கிறார். நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் நம் பக்கத்து விதிகளை எழுதுகிறேன்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய விதிமுறையில் புயல், வெள்ளம், சுனாமி ஆகியவற்றோடு தீயும் பட்டியலில் உள்ளது. 2022 முதல் 2026 வரையிலான விதிமுறைப்படி, சமவெளியில் முழுவதும் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 8,000 ரூபாய். துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 தனி. மாநில அரசு விரும்பினால் கூட்டித் தரலாம். 2024 ஃபெஞ்சல் புயலுக்குக் குடிசைக்கு 10,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது.

வீட்டுக்கும் குடிசைக்கும் இடையே உள்ள இந்தப் பெரிய பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றால் ஆன தற்காலிக அமைப்பு என்று விதி குடிசையை விவரிக்கிறது. எங்கள் பக்கம் மூன்று தலைமுறையாக ஒரே மனையில், ஒவ்வோர் ஆண்டும் கீற்று மாற்றி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. சுவர் செங்கல்லாகவும் கூரை கீற்றாகவும் இருக்கும் வீட்டைக் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையில் எந்தச் சொல்லால் குறிக்கிறாரோ, அந்தச் சொல்லே 8,000 ரூபாயா 1,20,000 ரூபாயா என்பதை முடிவு செய்கிறது. எரிந்த பிறகு கூரை எதுவாக இருந்தது என்று காட்டச் சாம்பல்தான் இருக்கும். எனவே சம்பவத்தன்றே சுவரின் உயரம், அடித்தளம், மின் இணைப்பு எண், வீட்டுவரி ரசீது எண் அனைத்தும் புகைப்படத்தோடு அறிக்கையில் ஏற வேண்டும். இளம் அலுவலர்கள் யாராவது படித்தால் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: சேதமடைந்த வீடு, உரிய அதிகாரி சான்றளித்த அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும். ஆற்றுப் படுகையிலும் வாய்க்கால் கரையிலும் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி கதவை மூடிவிடுகிறது.

பட்டுக்கோட்டைப் பொறியாளர்:

பணத்தைப் பற்றிப் பேசும்போது மண்ணைப் பற்றியும் பேச வேண்டும். மாநில அரசின் வீட்டுத் திட்டமான கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்பது மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகை. டெல்டாவின் களிமண் வெயிலில் வெடித்து மழையில் உப்பும் மண். இங்கே அடித்தளத்தை ஆழமாகவும் எடுக்க வேண்டும், ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் நிற்கும் தண்ணீருக்கு மேல் வருமாறு உயரமாகவும் எடுத்து உள்ளே மணல் நிரப்ப வேண்டும். பேஸ்மெண்ட் முடிவதற்குள்ளேயே ஏழைக் குடும்பத்தின் கைப்பணம் கரைந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நிலையும் முடிந்து, ஓவர்சியர் பார்த்து, புகைப்படம் ஏறிய பிறகுதான் அடுத்த தவணை வரும். சாதாரணக் காலத்தில் குடும்பத்தார் நகையை அடகு வைத்தாவது இந்த இடைவெளியைச் சமாளிப்பார்கள். தீயில் எல்லாம் போனவர்களுக்கு அடகு வைக்கவும் எதுவும் இல்லை. ஆகவே தீயில் வீடிழந்தவர்களுக்கு முதல் தவணை முன்பணமாகவும், செங்கல், சிமெண்ட், கம்பி பொருளாகவும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காலமும் முக்கியம். கூரைத் தீ பெரும்பாலும் பங்குனியிலிருந்து வைகாசி வரை நேரிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும். கையில் இருப்பது ஆறு மாதம். அதன் நடுவில் ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு வந்துவிடும். கூலிக்குப் போகாவிட்டால் சாப்பாடு இல்லை, கூலிக்குப் போனால் வீட்டு வேலை நிற்கும். ஊரக வேலைத் திட்டத்தில் வீடு கட்டும் குடும்பத்துக்கு 90 நாள் கூலி சேர்த்துத் தரும் ஏற்பாடு பிரதமர் வீட்டுத் திட்டத்தில் உண்டு. அந்த நாள்கள் நடவுக் காலத்திலேயே கிடைக்குமாறு செய்தால் குடும்பம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது.

தொழில்நுட்பச் செய்தி ஒன்றும் சொல்கிறேன். காட்டுத்தீயில் வீடுகள் எரிவதற்குப் பெரிய காரணம் சுவர்போல் வரும் தழல் அன்று. காற்றில் பறந்து வரும் தீப்பொறிகளே. அவை கூரையின் இடுக்கில் விழுந்து, பிறகு வீட்டுக்கு வீடு தாவுகின்றன. நம் தெருவில் நடப்பதும் இதுவே. கலிஃபோர்னியாவில் தீ அபாயப் பகுதிகளில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 2008 முதல் தனிக் கட்டட விதி இருக்கிறது. நாமும் எரிந்த வரிசையை அதே நெருக்கத்தில் மீண்டும் கட்டக் கூடாது. தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்துக்கு ஒரு வழியாவது விட்டு மனையை அளந்து கொடுக்க வேண்டும். ஒரு தெரு முழுவதும் எரிந்த நாளில்தான் அந்த அளவைச் செய்ய முடியும்.

கீழையூர் ஆசிரியை:

பொறியாளர் ஐயா சொன்ன மனை அளவையை நாகையில் ஒருமுறை பெரிய அளவில் செய்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 ஜனவரி 13 அன்றே தமிழக அரசு வீட்டு மறுகட்டுமானத்துக்கான அரசாணை எண் 25ஐ வெளியிட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. நிலத்தை அரசு கொடுக்கும், வீட்டைத் தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டும், வீட்டின் அளவும் தரமும் இன்னவை, உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. அந்த வாரங்களில் நாகைக்கு வந்து குவிந்த தொண்டு நிறுவனங்களை அரசோடு இணைக்க ஒரு ஒருங்கிணைப்பு மையமும் 2005 ஜனவரியிலேயே இயங்கத் தொடங்கியது. யார் எந்தக் குப்பத்தை எடுத்துக்கொள்கிறார்கள், எங்கே இரட்டிப்பாகிறது, எங்கே ஒருவரும் போகவில்லை என்பது ஓரிடத்தில் தெரிந்தது. வெளிநாட்டு அனுபவத்தைப் படிக்கும் முன் நம் மாவட்டத்தின் இந்த அனுபவத்தை எடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதில் நடந்த தவறையும் மறைக்கக் கூடாது. தற்காலிகக் குடியிருப்புகள் தார் அட்டையால் அமைக்கப்பட்டன. அவை வெயிலில் கொதித்தன, எளிதில் தீப்பிடித்தன. சில மாதங்களுக்கென்று சொல்லப்பட்ட இடத்தில் பலர் ஓராண்டைத் தாண்டியும் இருக்க நேர்ந்தது. தற்காலிக வீட்டைச் சிறிய விஷயமாக நினைத்துத் திட்டமிடுவது எல்லா நாட்டிலும் உள்ள குறை என்று நினைக்கிறேன்.

நிலம் என்ற கேள்வியைத் தொடாமல் நாகை மாவட்டத்தில் எரிந்த குடிசையைப் பற்றிப் பேச என்னால் முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குடியிருக்கும் மனையும் பண்ணையாருடையது, கூலியும் அவர் கொடுப்பது என்ற நிலையில் அந்த மக்கள் வாழ்ந்தார்கள். 1971இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்து, விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்றது. பின்னர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரும் உழுபவர்க்கு நிலம் பெற்றுத் தரும் அவருடைய லாப்டி இயக்கமும் நிலத்தோடு நிற்காமல் குடிசைகளைச் செங்கல் வீடுகளாக மாற்றும் வேலையையும் இந்த மண்ணில் செய்தார்கள். மனை தன் பெயரில் இல்லாதவருக்குத் தீயணைக்காத வீட்டைக் கொடுத்துவிட முடியாது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

வெண்ணாற்றுப் பாசனத்தான்:

அம்மா, "தீயணைக்காத வீடு" என்பது "தீப்பிடிக்காத வீடு" என்று இருக்க வேண்டும் என நினைக்கிறேன், கருத்து விளங்கியது. 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று அரசு நின்று காட்டியது. பள்ளிக்கு வந்த அந்த உறுதி, அதே பிள்ளைகள் இரவில் உறங்கும் வீட்டுக்கும் வர வேண்டும்.

காவிரிக் கடைமடை:

எங்கள் குடும்பம் கோயில் அடிமனையில், அதாவது கோயிலுக்குச் சொந்தமான மனையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து அடிமனை வாடகை கட்டி வருகிறோம். நாளை எங்கள் வீடு எரிந்தால், மேலே சொன்ன திட்டம் எதிலும் நாங்கள் வர மாட்டோம். சொந்த மனைப் பட்டா கேட்கிறார்கள். கோயில் நிலம் கோயிலுக்கே இருக்கட்டும், அதை நாங்கள் கேட்கவில்லை. குடியிருக்கும் உரிமையை ஒரு சான்றாக எழுதித் தந்து அதன் பேரில் வீடு கட்ட நிதி தர வழி உண்டா என்று மட்டுமே கேட்கிறேன். மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் எங்கும் எங்களைப் போன்றவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

சாக்ரமெண்டோ மன்னை:

அண்ணன் கேட்ட கேள்விக்கு அமெரிக்காவில் பதில் இல்லை. இங்கும் வாடகைதாரர்தான் கடைசியில் நிற்கிறார். ஆனால் இழையின் தலைப்புக் கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பதில் இருக்கிறது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் எரிந்த தீயில் 173 பேர் இறந்து, 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சில நாள்களுக்குள் மாநில அரசும் கூட்டாட்சி அரசும் சேர்ந்து மறுகட்டுமானத்துக்கென ஒரே ஆணையத்தை அமைத்து, காவல்துறைத் தலைமை ஆணையராக இருந்த கிறிஸ்டின் நிக்சனை அதற்குத் தலைவராக்கின. இடிபாடு அகற்றும் வேலை முழுவதும் ஒரே ஏற்பாட்டின் கீழ் வந்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு: விரும்பிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாள் போக வேண்டும் என்பதைக் கவனிப்பது அவர் வேலை. ஆணையம் 2011 நடுவில் தன் பணியை முடித்துக்கொண்டது.

குடந்தை மூத்தவர்:

ஒரு தெரு எரிந்ததற்காக ஆணையம் அமைக்க முடியாது. அது தேவையும் இல்லை. நிவாரணம் தரும் வருவாய் நிர்வாகத்துக்கும் வீட்டுத் திட்டங்களைக் கவனிக்கும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கும் தலைமை ஒருவரே, மாவட்ட ஆட்சியர். ஆகவே இரண்டு துறைகளும் சந்திக்கும் மேசை ஏற்கெனவே இருக்கிறது. குறை என்னவென்றால், அந்த மேசைக்குக் கோப்பைக் கொண்டுபோவது யார் என்று எழுதப்படவில்லை. இப்போது திங்கட்கிழமை குறைதீர் நாளில் வீடிழந்தவரே மனுவாகத் தூக்கிக்கொண்டு போகிறார். அன்றைய கூலியும் போகிறது.

என் யோசனை இது. தீச் சம்பவ அறிக்கையில் கையெழுத்திடும் நாளிலேயே வட்டாட்சியர் அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அந்த நகலே வீட்டுத் திட்டத்துக்கான விண்ணப்பமாகக் கொள்ளப்பட வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லை என்ற காரணம் இவர்களுக்கு எழக் கூடாது. இது புதிய சிந்தனையும் அன்று. பிரதமர் வீட்டுத் திட்டத்துக்கு முன்பிருந்த இந்திரா ஆவாஸ் யோஜனா காலத்திலேயே இயற்கைச் சீற்றத்தால் வீடிழந்தவர்களுக்கு நிதியில் 5 சதவீதம் ஒதுக்கி வைக்கும் வழி இருந்தது. வீடு முடியும் வரை பொறுப்பாளராக ஒரு மண்டலத் துணை வட்டார வளர்ச்சி அலுவலரைப் பெயர் குறித்து நியமிக்கலாம். இழந்த குடும்ப அட்டை, ஆதார், பட்டா நகல் ஆகியவற்றுக்கு அந்தத் தெருவிலேயே ஒரு நாள் முகாம் போட வட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. அதை நான் பணியில் இருந்தபோதே செய்ததுண்டு, மக்கள் அலைச்சல் பெரிதும் குறைந்தது.

அடிமனை பற்றிக் கேட்டவருக்கு: இதை வட்ட அளவில் தீர்க்க முடியாது. கோயில் நிலத்தைக் கைமாற்ற அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் சட்டப்படி வேண்டும். நீங்கள் கேட்பது கைமாற்றம் அன்று, கட்ட அனுமதி. ஆனாலும் அதற்கு அரசு அளவில் ஆணை வர வேண்டும். கிராமத் தீர்மானம் போதாது. கேட்பதை நிறுத்தாதீர்கள்.

வெண்ணாற்றுப் பாசனத்தான்:

ஐயா, மே 1 கிராம சபை போய்விட்டது; அடுத்து ஆகஸ்ட் 15. தீர்மானத்தில் என்னென்ன எழுத வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னால் ஊரில் பேசி ஏற்பாடு செய்கிறேன்.

குடந்தை மூத்தவர்:

ஒவ்வொரு குடும்பத்தின் பெயர், சம்பவ அறிக்கை எண், நிவாரணம் பெற்ற தேதி, மனையின் புல எண், நில வகைப்பாடு ஆகியவற்றை அட்டவணையாக எழுதுங்கள். பட்டா உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தனித்தனித் தீர்மானமாகப் போடுங்கள். ஒன்றில் இருக்கும் சிக்கலால் மற்றொன்று நிற்கக் கூடாது. பொறியாளர் சொன்னபடி தீயணைப்பு வண்டிக்கு வழி விடுவதையும் முன்பணத்தையும் கோரிக்கையாகச் சேருங்கள். மழைக்குமுன் வீடு முடியாது என்பது உறுதி என்பதால், ஐப்பசிக்குள் தகரக் கொட்டகையாவது அமைத்துத் தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். தார் அட்டை வேண்டாம் என்று ஆசிரியை அம்மா சொன்னதையும் எழுதுங்கள். நகல்கள் கோட்டாட்சியருக்கும் ஊரக வளர்ச்சி முகமைத் திட்ட இயக்குநருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் போக வேண்டும். ஒப்புதல் அட்டைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.